பொதுப் பாதைக்கும் பொதுக் கிணற்றுக்கும் போராடிய பெரியவர்
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கை

கொல்லிமலைக்குப் போகும் பஸ் காரவள்ளியிலிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவாக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த பஸ்ஸில் எத்தனையோ விதமான மனிதர்கள் இருப்பார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பும் மலைவாசி இருப்பார். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் குடும்பத்தார் இருப்பார்கள். ஆகாய கங்கையில் குளிக்கப் போகும் இளைஞர்கள் இருப்பார்கள். காசு கொடுத்தவருக்கு டிக்கெட் கிடைக்கும். நீ என்ன சாதி என்று கண்டக்டர் கேட்பதில்லை. அருவியில் தலையை நீட்டும்போதும் யாரும் கேட்பதில்லை.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். பாதை எல்லாருக்கும் பொது, தண்ணீரும் எல்லாருக்கும் பொது என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் நிலைமை அப்படி இருக்கவில்லை. சர்க்கார் பணத்தில் போட்ட தெருவிலே நடக்கக் கூடாது என்று லட்சக்கணக்கான மக்கள் தடுக்கப்பட்டார்கள். வரிப் பணத்தில் வெட்டிய கிணற்றிலே குடத்தை இறக்கக் கூடாது என்று விரட்டப்பட்டார்கள். தாகத்தால் தவிக்கும் குழந்தையோடு கிணற்றடியில் ஒதுங்கி நின்று, யாராவது மனம் இரங்கி ஊற்றுவார்களா என்று தாய்மார்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்த அநியாயத்தை எதிர்த்துச் சட்டத்தின் துணையோடு போராடியவர்களில் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன். அவர் கத்தி எடுக்கவில்லை, கலகம் செய்யவில்லை. மனு எழுதினார், பத்திரிகை நடத்தினார், சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய வாழ்க்கை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போன பையன்

செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்தை அடுத்த சிற்றூர் கோழியாளம். அங்கே 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் தேதி சீனிவாசன் பிறந்தார். தந்தையின் பெயர் இரட்டைமலை. அதுவே மகனுடைய பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்டது.

ஆதி திராவிடர் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அவர். குடும்பம் பிழைப்பைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போயிற்று. பிறகு கோயம்புத்தூருக்கு வந்தது. அந்தக் காலத்தில் இந்தச் சமூகத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிப்பதே அரிது. சீனிவாசனுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. கோயம்புத்தூர் கலாசாலையில் சேர்ந்தார்.

சுமார் நானூறு மாணவர்கள் படித்த இடம் அது. அவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். சக மாணவர்களோடு பழகினால் ஊர் எது, உறவு யார் என்று கேட்பார்கள். சாதி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் என்ன நடக்குமோ என்ற அச்சம் அந்தப் பையனை வாட்டியது. ஆகவே அவர் யாரோடும் விளையாடுவதில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேயாவது ஒதுங்கி நின்று பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு விரைவார்.

விளையாட வேண்டிய வயதில் இப்படி ஒளிந்து வாழ்ந்த வேதனை அவர் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. வயது எண்பதை எட்டிய பிறகு அவர் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதினார். அதிலும் இதை மறக்காமல் குறித்திருக்கிறார்.

நீலகிரியிலிருந்து சென்னைக்கு

படிப்பு முடிந்ததும் நீலகிரிக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரர் கம்பெனி ஒன்றில் கணக்கர் வேலை. 1887-இல் ரெங்கநாயகி அம்மாளை மணந்தார். கை நிறையச் சம்பளமும் கௌரவமான உத்தியோகமும் இருந்தன. பேசாமல் இருந்திருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் தம்மைச் சேர்ந்த மக்கள் படும் பாடு அவர் கண்ணை விட்டு மறையவில்லை. பண்ணையில் உழைத்துப் பரம்பரை பரம்பரையாகக் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். உழுத நிலம் சொந்தமில்லை. குடிசை போட்ட மனையும் பலருக்குச் சொந்தமில்லை. மிராசுதார் முகம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

1890-இல் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர்தான் புகழ் பெற்ற அயோத்திதாச பண்டிதர். மைத்துனர்கள் இருவரும் ஒரே மக்களுக்காக உழைத்தார்கள். வழிதான் வேறு. பண்டிதர் பௌத்த சமயத்தை நாடினார். சீனிவாசன் சமயம் மாறுவதை விரும்பவில்லை. மனுவும் சட்டமும் உரிமையும் என்பதே அவர் வழி.

இதே சமயத்தில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், அந்த ஜில்லாவின் ஏழை மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் மனையும் இல்லாததே அவர்களுடைய அடிமைத்தனத்துக்கு வேர் என்பதை அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1892-இல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. தரிசு நிலங்களை அந்த மக்களுக்கு ஒதுக்க வழி ஏற்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். அந்த நிலத்தைப் பிற வகுப்பார் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆயினும் அதில் பெரும் பகுதி பின்னாளில் கை மாறிப் போயிற்று. அதை மீட்கும் வழக்குகள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை.

இழிவுப் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார்

1893 அக்டோபரில் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் பறையன். ஊரார் இழிவாகச் சொல்லும் சொல்லையே ஏன் தலைப்பாக வைத்தார்? பெயரைக் கேட்டு வெட்கப்பட்டு ஒளிகிறவன் உரிமை கேட்க மாட்டான் என்பது அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தில் சாதி தெரிந்துவிடுமோ என்று நடுங்கிய அதே பையன், பெரியவனானதும் அந்தப் பெயரைத் தலை நிமிர்ந்து அச்சடித்தான்.

நாலு பக்கம், விலை இரண்டு அணா. முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய். இரண்டு நாளில் நானூறு பிரதிகள் விற்றுப் போயின. மாதம் ஒரு முறை வந்த பத்திரிகை, மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகை ஆயிற்று. பிறகு சொந்த அச்சுக்கூடமும் ஏற்பட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கச் சுற்றிலும் பலர் உட்கார்ந்து கேட்ட காலம் அது. எங்கே மனு கொடுப்பது, எந்த அதிகாரியிடம் முறையிடுவது என்பதை அந்த ஏழைகள் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

தொல்லையும் வந்தது. பத்திரிகையில் வெளியான ஒரு கடிதத்துக்காக 1896-இல் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த நாளில் நூறு ரூபாய் பெரிய தொகை. அன்பர்கள் திரண்டு அந்தத் தொகையைக் கட்டினார்கள். பத்திரிகை நிற்கவில்லை. 1900 வரை ஏழு ஆண்டுகள் நடந்தது.

112 அடி நீளமுள்ள மனு

1893-இல் இன்னொரு சம்பவம் நடந்தது. ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். சீனிவாசன் அதை எதிர்த்தார். டிசம்பர் மாதம் சென்னையில் கூட்டம் கூட்டினார். பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு மனு தயாராயிற்று. அதில் 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். காகிதத்தை ஒன்றோடு ஒன்று ஒட்டியபோது மனுவின் நீளம் 112 அடி!

நாட்டுக்கு நல்லதைக் கெடுக்கிறார் என்று பலர் அவர் மீது கோபம் கொண்டார்கள். அவர் சொன்ன காரணமோ வேறு. இங்கே பரீட்சை வைத்தால் தேறுகிறவர்கள் எல்லாரும் மேல் சாதியாராகவே இருப்பார்கள். ஏழைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. தீண்டாமையை அனுசரிக்கிறவர்கள் கையில் ஜில்லா நிர்வாகமும் போய்விட்டால் முறையிட இடமேது என்று அவர் அஞ்சினார். அவர் முடிவை ஒப்பாதவர்கள் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கடல் கடந்த வாழ்வு

தம் மக்களின் குறையை லண்டனுக்கே போய் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1900-இல் புறப்பட்டார். ஆனால் லண்டன் போய்ச் சேரவில்லை. ஆப்பிரிக்காவை ஒட்டிய ஜான்சிபார் தீவில் தங்க நேர்ந்தது. 1904-இல் அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நேட்டால் பகுதியில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது.

அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ் மக்கள் ஏராளமாக உழைத்தார்கள். 1860 முதல் கப்பல் கப்பலாகப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. ஏழைக் கூலி சொல்வதை ஒரு சொல்லும் குறையாமல் எடுத்துச் சொல்வது மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு. அந்தச் சொல்லில்தான் அவனுடைய கூலியும் விடுதலையும் தொங்கின. சட்டம் ஏழைக்கு எப்படி உதவும், எப்படி உதவாமல் போகும் என்பதைச் சீனிவாசன் தினந்தோறும் கண்ணால் கண்டார்.

அந்த நாளில் காந்தியடிகளும் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. தமிழில் கையெழுத்துப் போடக் காந்தியடிகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் இவரே என்பார்கள்.

சட்டசபையில் ஒரு தீர்மானம்

இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்பினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பலர் ஓய்வு தேடும் பருவம். ஆனால் அவருடைய பெரிய காரியம் இனிமேல்தான் இருந்தது.

சென்னை மாகாணத்தில் புதிய சட்டசபை ஏற்பட்டிருந்தது. நீதிக் கட்சி மந்திரிசபை நடந்தது. ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜா அங்கே முன்பே இடம் பெற்றிருந்தார். 1923-இல் சீனிவாசனும் நியமன அங்கத்தினர் ஆனார்.

1924-ஆம் ஆண்டு நாடெங்கும் தெருவைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. திருவாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று சத்தியாக்கிரகம் மூண்டது. பெரியார் ஈ.வெ.ராமசாமி அங்கே போய்ச் சிறை புகுந்தார். அதற்கு முந்திய ஆண்டில் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே என்பவர், பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்.

சென்னையில் அந்தப் பொறுப்பைச் சீனிவாசன் ஏற்றார். 1924 ஆகஸ்டு 22-ஆம் தேதி அவர் கொண்டுவந்த தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், தடை கூடாது. பொதுக் காரியாலயங்கள், கிணறுகள், குளங்கள், மக்கள் கூடும் பொது இடங்கள் ஆகிய எல்லாவற்றையும் மற்றவர்களைப் போலவே ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம். இதுவே தீர்மானத்தின் சாரம். அடுத்த மாதம் 25-ஆம் தேதி அது சர்க்கார் உத்தரவாக வெளிவந்தது.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியே ஒளிந்து நின்றவருக்கு அப்போது வயது அறுபத்தைந்து.

உத்தரவு வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. காகிதத்தில் உரிமை வந்தது. கிணற்றடியில் தடி அப்படியே இருந்தது. தடுத்தவனுக்குத் தண்டனை என்ன என்று உத்தரவில் இல்லை. ஆகவே அடுத்த படி ஏற வேண்டியிருந்தது. ஆர்.வீரையன் முதலிய அங்கத்தினர்களும் தோள் கொடுத்தார்கள். 1926-இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் திருத்தப்பட்டது. பொதுத் தெருவிலும் கிணற்றிலும் ஒருவரைத் தடுத்தால் அபராதம் என்று ஆயிற்று. 1938-இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூக ஊனங்களை நீக்கும் தனிச் சட்டமே வந்தது. தீர்மானம், உத்தரவு, திருத்தம், சட்டம் என்று ஒவ்வொரு படியாக அந்தத் தலைவர்கள் ஏறினார்கள்.

மகாராஷ்டிரத்தில் டாக்டர் அம்பேத்கர் 1927-இல் மகாட் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மக்களோடு பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் பருகினார். அந்தக் குளத்தைப் பற்றிய வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து, 1937-இல் பம்பாய் ஹைக்கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு வழக்கு!

மன்னர் கை நீட்டினார்

1930-இல் லண்டனில் வட்டமேஜை மகாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர், வயது முப்பத்தொன்பது. மற்றவர் சீனிவாசன், வயது எழுபத்தொன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனுக்குப் புறப்பட்டு வழியில் நின்றுபோனவர், இப்போது அழைப்பின் பேரில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிரதிநிதிகளுக்கு விருந்தளித்தார். எல்லாரும் கை குலுக்கினார்கள். சீனிவாசன் மட்டும் ஒதுங்கி நின்றார். தாம் தீண்டப்படாதவர் என்று சொன்னார். தீண்டப்படாதவர் என்றால் என்ன என்று மன்னர் கேட்டார். தம் இனத்தான் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேல் சாதியார் தொட்டுத் தூக்க மாட்டார்கள் என்று அவர் விளக்கினார். மன்னர் திகைத்துப் போய், தாமே கை நீட்டி அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். சீனிவாசன் தம் வரலாற்றில் எழுதிவைத்த சம்பவம் இது.

விருந்தைவிட முக்கியமானது அவர்கள் இருவரும் சேர்ந்து மகாநாட்டில் கொடுத்த கோரிக்கைப் பத்திரம். பாதை, தெரு, குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், பொது வண்டி ஆகியவற்றில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் ஆக வேண்டும் என்று அதில் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். உரிமை கேட்ட ஏழைக்கு வேலை கொடுக்காமல், நிலம் குத்தகைக்கு விடாமல், கடையில் சாமான் விற்காமல் ஊரே ஒதுக்கி வைப்பது உண்டு. அந்த ஊர் விலக்கும் குற்றம் ஆக வேண்டும் என்றார்கள். உரிமையைச் சட்டத்தில் எழுதிவிட்டு வயிற்றில் அடித்தால் உரிமை எப்படி நிற்கும்? கிராமத்து நடைமுறையை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய கோரிக்கை அது.

1932-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. மாகாண சட்டசபைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர்.

விளக்கு அணைந்தது

சர்க்கார் அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் அளித்தது. 1940-இல் அறிஞர்கள் கூடித் திராவிடமணி என்ற பட்டம் சூட்டினார்கள். 1945 செப்டம்பர் 18-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். வயது எண்பத்தாறு. சுதந்திரம் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அவர் கேட்டவை அவருக்குப் பின் அரசியல் சட்டத்தில் ஏறின. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கடை, ஓட்டல், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை ஆகியவற்றில் சாதி பேதம் கூடாது என்று விதித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் வந்தது. 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்ட மக்களும் பழங்குடி மக்களும் பயன்படுத்தும் ஊற்றையும் நீர்த்தேக்கத்தையும் அசுத்தப்படுத்துவதையும், அவர்கள் நிலத்தைப் பறிப்பதையும் கடுங்குற்றமாக்கியது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் அந்தச் சட்டம் காவல். 2000-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று இரட்டைமலை சீனிவாசன் நினைவாகத் தபால் தலை வெளியிடப்பட்டது.

குறைகள் தீர்ந்துவிட்டனவா? தண்ணீர்த் தொட்டி, தெரு, சுடுகாட்டுப் பாதை பற்றிய வழக்குகள் இன்றும் கோர்ட்டுக்கு வருகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் கிணற்றடியில் அடிபட்டவன் வாய் மூடி வீடு திரும்பினான். இன்று அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தால் மனுவும் அவனே எழுதலாம். அந்த வழியைக் காட்டியவர் கோழியாளத்தில் பிறந்த அந்தப் பெரியவர்.

1924-ஆம் ஆண்டின் உத்தரவு சென்னை மாகாணம் முழுவதற்கும் பொது. கொல்லிமலையும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. காரவள்ளியில் பஸ் ஏறுகிறபோதும், ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கையில் நனைகிறபோதும், அந்தப் பெரியவரை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்கும் அவர் கதையைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்து மணி அடிக்கும் வரை வெளியே தனியாக நின்ற அந்தப் பையனைப் பற்றிக் கேட்டால், தங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அவர்கள் அப்படி நிற்க விட மாட்டார்கள்.